ஓதம் ஏறும் ஆற்றில் கயாக்: ஹட்சனுக்குப் போகுமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

நானும் என் கல்லூரி நண்பனும் ஆறு வருடமாகக் கோடையில் ஹட்சன் ஆற்றில் கயாக், அதாவது துடுப்பு போடும் ஒடுங்கிய சின்னப் படகு, ஓட்டுகிறோம். மன்ஹாட்டனிலிருந்து வடக்கே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போனால் கோல்ட் ஸ்பிரிங் என்று ஒரு சின்ன ஊர் வரும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே ஆறு, இரண்டு பக்கமும் மலை. நாங்கள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நியூஜெர்சி நண்பர்கள், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அவர்களுடைய அப்பா அம்மா என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது, இந்த ஆற்றில் விட்டுப்போகக் கூடாதவை சில இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், அவர்கள் கேட்டபடியே எழுதிவைக்கிறேன்.

ஆறுதானே? இதுல என்ன ஓதம், ஏற்றம், வற்றம்னு சொல்றீங்க?

ஆறுதான், ஆனால் கடல் உள்ளே வந்துபோகும் ஆறு. மன்ஹாட்டனின் தென்முனையான பேட்டரியிலிருந்து டிராய் நகரத்து அணை வரைக்கும், சுமார் 246 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஹட்சனில் கடல் ஓதம் ஏறி இறங்குகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு முறை நீர்மட்டம் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறும்போது ஆறு வடக்கே, அதாவது மலைப்பக்கம் பார்த்து ஓடும். வற்றும்போது தெற்கே கடலைப் பார்த்து ஓடும். இங்கே வாழ்ந்த மொஹிக்கன் மக்கள் இந்த ஆற்றுக்கு வைத்த பெயருக்கே இரண்டு பக்கமும் ஓடும் நீர் என்று பொருள் சொல்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்த ஆற்றுக்கும் கேட்டதில்லை.

பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இது உடனே புரியும். காலையில் வேர் மூழ்கியிருந்த மரம் மதியம் வேர் தெரிய நிற்கும், அதே கதைதான் இங்கேயும். கோல்ட் ஸ்பிரிங் பக்கம் மட்டம் ஏறி இறங்குவது சுமார் மூன்று அடி. மன்ஹாட்டனில் நாலரை அடிக்குக் கிட்டே வரும். மூன்று அடிதானே என்று நினைக்காதீர்கள், ஒரு அகலமான ஆறு முழுவதும் மூன்று அடி ஏறி இறங்க எவ்வளவு தண்ணீர் நகர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இனிமேல் நான் ஏற்றம் என்றால் மேலே வரும் ஓட்டம், வற்றம் என்றால் கடலுக்குப் போகும் ஓட்டம்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

இந்த ஆற்றுக்கு வேண்டாம். லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்கவைக்கும், அது உண்மை. ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டதும் பதறுகிறவருக்கு, கவிழ்ந்த பிறகு சொல்லும் எதுவும் காதில் விழாது. முதலில் ஓட்டம் இல்லாத ஒரு ஏரியில், இடுப்பளவு தண்ணீரில், ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேண்டுமென்றே நாலு முறை கவிழ்ந்து எழுந்து பாருங்கள். அது பழகிய பிறகு, பெரிய நீச்சல்காரராக இல்லாவிட்டாலும், வழிகாட்டியோடு போகும் குழுவில் சேர்ந்து வரலாம்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? வெயில்ல புழுங்குமே.

நியூயார்க் மாநிலச் சட்டப்படி நவம்பர் 1 முதல் மே 1 வரை, 21 அடிக்குக் குறைவான படகில் இருக்கும் எல்லாரும் போட்டே ஆகவேண்டும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வருடம் முழுக்கப் போடவேண்டும். மற்ற மாதங்களில் பெரியவர்கள் படகில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும்.

எங்களுக்குப் போதாது. பின்னால் கட்டிவைத்த ஜாக்கெட்டைக் கவிழ்ந்த பிறகு தண்ணீரில் மிதந்துகொண்டே அவிழ்த்துப் போட முயன்று பாருங்கள், கொக்கி மாட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். புழுங்கினால் கையால் அள்ளித் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம்.

எந்த மாசம் போகலாம்? ஏப்ரல்லயே வெயில் நல்லா அடிக்குதே?

காற்றைப் பார்த்து ஏமாறும் மாதம் அதுதான். ஏப்ரல் கடைசியில் வெளியே 25 டிகிரி இருக்கும், சட்டையைக் கழற்றத் தோன்றும், ஆனால் தண்ணீர் 10, 12 டிகிரியில்தான் இருக்கும். பனி உருகி வரும் தண்ணீர் அது. அதில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக இழுத்து இழுத்து வாங்கும். அந்த நிமிடத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்தது. அதைத் தாண்டினால் கைகால் சொன்னபடி கேட்க ஒரு பத்து நிமிடம். அதற்குள் படகில் ஏறியாக வேண்டும்.

எங்களுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரைதான். அதற்கு வெளியே போகிறவர்கள் உடம்போடு ஒட்டும் வெட் சூட் அல்லது தண்ணீர் புகாத டிரை சூட் போட்டுக்கொண்டு போகிறார்கள். காற்றுக்கு இல்லை, தண்ணீருக்குத்தான் உடுத்த வேண்டும்.

கயாக் சொந்தமா வாங்கணுமா? ரயில்ல கொண்டுபோக முடியுமா?

வாங்க வேண்டாம், முதல் இரண்டு வருடம் நாங்கள் வாடகைக்குத்தான் எடுத்தோம். மடக்கிப் பையில் வைக்கும் வகையைத் தவிர மற்றதை ரயிலில் ஏற்ற முடியாது. சொந்தப் படகைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தால் ஃபவுண்ட்ரி டாக் பார்க்கில் இறக்கலாம், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சனி ஞாயிறு காலை ஒன்பது மணிக்குமேல் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டிவரும்.

இருவர் உட்காரும் கயாக் வேண்டாம் என்பது என் கருத்து. இருவரும் தனித்தனிப் படகில் இருந்தால், ஒருவர் கவிழ்ந்தாலும் இன்னொரு படகு நேராக நிற்கும். அது ஏன் முக்கியம் என்று கீழே கவிழ்வது பற்றிய பதிலில் சொல்லியிருக்கிறேன்.

என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர், தொப்பி, கழுத்தில் விசில், தண்ணீர் புகாத பையில் போன், ஒரு மாற்றுச் சட்டை. சாப்பாட்டுக்குப் புளியோதரையை இலையில் மடித்து எடுத்துப் போவோம், ஒரு கையால் சாப்பிடலாம், வெயிலில் கெடாது. காலுக்குச் செருப்பு போதாது, காலோடு இறுகி நிற்கும் பழைய ஷூ வேண்டும். ஆற்றங்கரையில் நான்கு பக்கமும் முள் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புக் காய்கள் ஒதுங்கிக் கிடக்கும், வெறுங்காலில் மிதித்தால் அன்றைய பயணம் அங்கேயே நின்றுவிடும்.

போன்ல நியூயார்க்னு போட்டா ஓத நேரம் வந்துடுதே, அதைப் பார்த்தா போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தை எழுத முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். ஓதம் என்பது கடலிலிருந்து ஆற்றுக்குள் நகர்ந்து வரும் ஒரு நீண்ட அலை. பேட்டரியில் நீர்மட்டம் உச்சியைத் தொட்டு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனபிறகுதான் வெஸ்ட் பாயிண்ட், கோல்ட் ஸ்பிரிங் பக்கம் உச்சி வரும். இன்னும் மேலே போகப் போக இன்னும் தாமதம். போனில் நியூயார்க் என்று போட்டால் பேட்டரி நேரம்தான் வரும்.

எங்களுக்கு இது இரண்டாம் வருடம் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமையில் தெரிந்தது. கோல்ட் ஸ்பிரிங்குக்குத் தெற்கே, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து போனால், கான்ஸ்டிடியூஷன் மார்ஷ் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. ஆளுயரச் சம்பங்கோரைக்கு நடுவே வாய்க்கால் வாய்க்காலாகப் போகும். போனில் வற்றத்தின் அடிமட்டம் 2:20 என்று இருந்தது. சரி, அதற்குப் பிறகு தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நம்பி மூன்றரைக்கு உள்ளே போனோம். நாலே காலுக்கு நண்பன் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு கோரைத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்டில் ஒரு கை அகலத்துக்கு ஈரம், ஈரத்துக்குக் கீழேதான் தண்ணீர். "டேய், தண்ணி ஏறல, இறங்குது" என்றான். நாங்கள் திரும்பி முதல் வளைவுக்கு வருவதற்குள் படகின் அடி சேற்றில் உரசி நின்றுவிட்டது.

மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். சுற்றிலும் சேற்றில் குமிழ் வெடிக்கும் சின்னச் சின்னச் சத்தம். நாங்கள் துடுப்பு போட்டு வந்த வாய்க்காலில் ஒரு நாரை நடந்து போனது. தூரத்தில் ரயில் போகும்போது ஜன்னல்கள் தெரிந்தன. அங்கே வற்றத்தின் அடிமட்டம் வந்தபோது ஏறக்குறைய மணி ஆறு. ஏழேகாலுக்குப் படகு தானாக அசைந்தது. ஜூலை என்பதால் வெளிச்சம் இருந்தது. செப்டம்பராக இருந்திருந்தால் கோரைக்குள் இருட்டியிருக்கும்.

எனவே அமெரிக்க அரசின் நோவா அமைப்பு தரும் அட்டவணையில் நீங்கள் இறங்கப்போகும் இடத்துக்குக் கிட்டே உள்ள நிலையத்தைப் பாருங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி ஜாக்கெட் பையில் வைத்துக்கொள்ளுங்கள், போன் ஈரமானாலும் சீட்டு பிளாஸ்டிக் உறையில் இருக்கும்.

சேத்துல மாட்டினா இறங்கி இழுத்துட்டு வந்துடலாமே?

நண்பன் அப்படித்தான் ஒரு காலை வைத்தான். முழங்காலுக்கு மேலே போய்விட்டது. இழுக்கும்போது ஷூ உள்ளேயே நின்றுவிட்டது, படகின் விளிம்பைப் பிடித்து வயிற்றால் தவழ்ந்துதான் மேலே வந்தான். இது நம்மூர் வயல் சேறு மாதிரி இல்லை, அடியில் கெட்டியான தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மாட்டினால் படகிலேயே உட்காருங்கள். தண்ணீர் போனதைப் போலவே திரும்பி வரும், எத்தனை மணிக்கு என்பது மேலே சொன்ன சீட்டில் இருக்கும்.

அந்த இடத்துக்குப் போகாதீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. நான் பார்த்ததில் ஹட்சனின் மிக அழகான இடம் அதுதான். ஏற்றம் பாதியைத் தாண்டிய பிறகு உள்ளே போங்கள், உச்சிக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். ஏற்றம் நிறைந்திருக்கும்போது ரயில் பாலத்துக்கு அடியில் இடைவெளி குறையும், குனிந்துதான் போக வேண்டும். அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் தண்ணீர் போய்வருவதால் அங்கே ஓட்டமும் வேகமாக இருக்கும். ஒருவர் முழுதாகத் தாண்டிய பிறகே அடுத்தவர் புக வேண்டும்.

தண்ணி உச்சிக்கு வந்துட்டா ஓட்டம் நின்னுடும்தானே?

இல்லை, புதிதாக வருபவர்கள் எல்லாரும் இங்கே தடுமாறுவார்கள். மட்டம் வேறு, ஓட்டம் வேறு. ஹட்சனில் மட்டம் உச்சியைத் தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தண்ணீர் வடக்கே ஓடிக்கொண்டிருக்கும். வேகமாகத் தள்ளிவிட்ட வண்டி கை எடுத்த பிறகும் ஓடுவதைப் போல. அதற்குப் பிறகுதான் கொஞ்ச நேரம் நின்று, மெதுவாகத் தெற்கே திரும்பும்.

அதனால் நோவாவில் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன, மட்டத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று. சதுப்புக்குள் போகிறவர் மட்டத்தைப் பார்க்க வேண்டும், பெரிய ஆற்றில் போகிறவர் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பெரிய மழைக்குப் பிறகு இரண்டுமே கொஞ்சம் மாறும், மலையிலிருந்து வரும் வெள்ளம் வற்றத்தைப் பலமாக்கி, ஏற்றத்தைச் சுருக்கிவிடும்.

கொஞ்சம் பலமா துடுப்பு போட்டா ஓட்டத்தை எதிர்த்துப் போயிடலாம்ல?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழக்கம் குறைந்தவர் நிதானமாக ஓட்டினால் மணிக்கு 5 கிலோமீட்டர். ஓட்டம் மணிக்கு 2.5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், இந்த ஆற்றில் இது சாதாரணம். ஓட்டத்தோடு சேர்ந்து போனால் உங்கள் வேகம் 7.5, எதிர்த்தால் 2.5. அதே உழைப்பு, மூன்று மடங்கு நேரம். ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து திரும்ப நாலரை மணி நேரம் ஆகும்.

எதிர்த்தே ஆகவேண்டிய நிலை வந்தால் நடு ஆற்றை விட்டுக் கரையோரம் வாருங்கள். ஆழமான நடுவில்தான் ஓட்டம் வேகம், கரையோரம் மெதுவாக இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளுக்குப் பின்னால் சில இடங்களில் தண்ணீர் எதிர்ப்பக்கமாகவே சுழலும், அதைப் பிடித்துக்கொண்டால் கை கொஞ்சம் ஆறும்.

அமாவாசை பௌர்ணமிக்கு வித்தியாசம் உண்டா?

உண்டு. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒன்றிரண்டு நாள் ஏற்றம் அதிகமாக ஏறும், வற்றம் அதிகமாக வற்றும், ஓட்டமும் வேகம் கூடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் எல்லாம் அடங்கியிருக்கும். முதல் முறை வருபவர்களை நாங்கள் அஷ்டமிக்குப் பக்கத்து வாரக்கடைசியில்தான் கூட்டிப்போகிறோம். அஷ்டமியில் நல்ல காரியமா என்று என் மாமியார் முதலில் தயங்கினார், காரணம் சொன்னதும் இப்போது அவரே தேதி பார்த்துச் சொல்கிறார்.

காலையில கண்ணாடி மாதிரி இருந்துச்சு, மத்தியானம் எப்படி இவ்வளவு அலை?

காற்றும் ஓட்டமும் மோதிக்கொண்டதால். கோல்ட் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் வடக்கே ஸ்டார்ம் கிங், பிரேக்நெக் ரிட்ஜ் என்ற இரண்டு மலைகள் எதிரெதிரே நின்று ஆற்றை இடுக்குகின்றன, காற்று புனலில் ஊற்றியது போல அங்கே குவிந்து வரும். கோடை மதியங்களில் தெற்கிலிருந்து காற்று வருவது வழக்கம். அப்போது வற்றமும் தெற்கே ஓடினால் இரண்டும் நேருக்கு நேர். அலை உயரம் பெரிதாக இருக்காது, ஆனால் நெருக்கமாக, செங்குத்தாக வரும், அதுதான் கயாக்கைப் புரட்டும். காற்றும் ஓட்டமும் ஒரே திசை என்றால் அதே காற்றில் ஆறு எவ்வளவோ அமைதியாக இருக்கும்.

அதே இடுக்கில், கடல்மட்டத்துக்கு 1,100 அடி அளவு கீழே, பாறைக்குள் ஒரு சுரங்கம் ஆற்றைக் கடக்கிறது. கேட்ஸ்கில் மலையிலிருந்து நியூயார்க் நகரத்துக்குக் குடிதண்ணீர் போகும் வழி. ஒவ்வொரு முறையும் அங்கே துடுப்பை நிறுத்திவிட்டு, நகரத்து வீடுகளில் குழாயில் வரும் தண்ணீர் இப்போது நமக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பேன்.

கப்பல் வருமா?

வரும். ஆல்பனி வரைக்கும் கப்பல் வழி 32 அடி ஆழத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய்க் கப்பல்கள், தட்டைப் படகைத் தள்ளிக்கொண்டு வரும் இழுவைப் படகுகள் எல்லாம் போய்வரும். அவர்களால் உடனே நிறுத்த முடியாது, திருப்ப முடியாது, பெரும்பாலும் உங்களைப் பார்க்கவும் முடியாது. மெதுவாக வருவது போலத் தெரியும், பத்து நிமிடத்தில் தலைக்கு மேல் நிற்கும். வளைவுகளில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது, முக்கியமாக வெஸ்ட் பாயிண்ட் வளைவில். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, 1778-இல், பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுக்க அங்கேதான் ஆற்றுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டார்கள். குறுகலும் வளைவும் அவ்வளவு.

குறுக்கே கடக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் பார்த்து, இருவரும் பக்கத்தில் பக்கத்தில், நேர்க்கோட்டில் சீக்கிரம் கடந்துவிடுங்கள். ஐந்து முறை குட்டையாக ஹார்ன் அடித்தால் ஆபத்து என்று பொருள், அது உங்களுக்காகத்தான். கப்பல் போன பிறகு அலை வந்து சேரச் சில நிமிடம் ஆகும், அப்போது படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

களைச்சுப் போனா கரையில ஒதுங்கிடலாம்ல?

வரைபடத்தில் கரை இருக்கும், ஆனால் ஒதுங்க இடம் இருக்காது. இரண்டு கரையிலும் தண்டவாளம் ஓடுகிறது, தண்ணீர் வரைக்கும் பெரிய பெரிய பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். கப்பல் அலை அந்தப் பாறையில் அடித்துத் திரும்பும்போது கிட்டே போகவே முடியாது. தண்டவாளத்தில் ஏறுவது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக் கரையிலும் இறங்கக் கூடாது.

வடக்கே போகும்போது லிட்டில் ஸ்டோனி பாயிண்டில் மணற்கரை இருக்கிறது, புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். அதற்கப்புறம் மேற்குக் கரையில் பிளம் பாயிண்ட். இந்த இரண்டையும் வரைபடத்தில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நடு ஆத்துல கோட்டை மாதிரி ஒண்ணு தெரியுதே, அதுல இறங்கலாமா?

போலபெல் தீவு, பேனர்மேன் கோட்டை. நியூயார்க்கில் பழைய ராணுவத் தளவாடங்களை வாங்கி விற்ற ஒரு வியாபாரி 1900-இல் தீவை வாங்கிக் கட்டிய கிடங்கு அது. 1920-இல் வெடிமருந்து வெடித்தது, 1969-இல் தீப்பிடித்தது, 2009-இல் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. அனுமதியுள்ள சுற்றுலாக் குழுவோடு மட்டுமே இறங்கலாம், தனியாகப் போனால் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். தண்ணீரிலிருந்து பார்ப்பதே எனக்குப் பிடிக்கும்.

தண்ணி சுத்தமா? மீன் பிடிச்சுச் சாப்பிடலாமா?

உடம்பில் பட்டால் பயப்பட வேண்டாம், குடிக்க வேண்டாம். பெருமழைக்குப் பிறகு பழைய ஊர்களின் சாக்கடை ஆற்றில் கலக்கும், நாங்கள் இரண்டு நாள் கழித்துத்தான் போவோம்.

மீன் விஷயம் வேறு. 1947 முதல் 1977 வரை மேலே இருந்த தொழிற்சாலைகளிலிருந்து பிசிபி என்ற ரசாயனம் ஆற்றில் விடப்பட்டது. 2009 முதல் 2015 வரை அடிமண்ணைத் தோண்டி எடுத்தார்கள், ஆனாலும் மீன் கொழுப்பில் அது இன்னும் இருக்கிறது. கோல்ட் ஸ்பிரிங் கரையிலேயே ஒரு பேட்டரித் தொழிற்சாலையின் காட்மியம் ஃபவுண்ட்ரி கோவ் என்ற சின்ன வளைகுடாவில் படிந்து, தொண்ணூறுகளில் சுத்தம் செய்தார்கள். எந்தப் பகுதியில் எந்த மீனை யார் சாப்பிடலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை பட்டியல் போடுகிறது, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கட்டுப்பாடு அதிகம். நாங்கள் சாப்பிடுவதில்லை.

உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?

அது மழையைப் பொறுத்தது. ஓதம் டிராய் வரை போனாலும் உப்பு அவ்வளவு தூரம் போகாது. வசந்தத்தில் வெள்ளம் உப்பைத் தெற்கே தள்ளிவிடும். மழை குறைந்த கோடை முடிவில் அது கோல்ட் ஸ்பிரிங்குக்கு வடக்கே உள்ள நியூபர்க் ஊரையும் தாண்டி மேலே வரும். ஆகஸ்ட் மாதம் கோல்ட் ஸ்பிரிங்கில் உதட்டில் பட்ட துளி லேசாகக் கரிக்கும்.

கூட வர்றவர் கவிழ்ந்துட்டா என்ன செய்யணும்?

விழுந்தவர் படகையும் துடுப்பையும் விடக் கூடாது. கரைக்கு நீந்த முயலக் கூடாது, கரை எப்படி இருக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன். பலர் கேட்பது, ஓட்டம் ஆளை ஒரு பக்கமும் படகை ஒரு பக்கமும் அடித்துக்கொண்டு போகாதா என்று. போகாது. விழுந்தவர், அவர் படகு, உங்கள் படகு மூன்றும் ஒரே தண்ணீரில் ஒரே வேகத்தில்தான் போகின்றன. பிரிப்பது காற்று, காலிப் படகைக் காகிதம் மாதிரி தள்ளிவிடும். அதனால்தான் பிடியை விடாதே என்கிறோம். உங்கள் மூவரையும் சேர்த்து ஓட்டம் எங்கே கொண்டுபோகிறது என்று மட்டும் பாருங்கள், மிதவைக் குறியோ நங்கூரமிட்ட படகோ எதிரே இருக்கலாம்.

திறந்த மேடை போன்ற கயாக் என்றால் புரட்டிப் போட்டு ஏறலாம். உள்ளே உட்காரும் வகை என்றால், நீங்கள் குறுக்கே வந்து அவர் படகின் மூக்கை உங்கள் மடிமேல் இழுத்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்து இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் பின்பக்கமாக மார்பால் ஏறிப் படுத்து, பிறகு திரும்பி உட்காருவார். படிக்கும்போது எளிது. நாங்கள் வருடத்தின் முதல் நாளில், வேறு எங்கும் போகாமல், கரையோரம் ஆளுக்கு மூன்று முறை இதையே செய்து பார்ப்போம்.

ரெண்டு பேருக்கும் வேகம் ஒத்து வரலைன்னா?

மெதுவானவர் முன்னால் போக வேண்டும். நண்பன் என்னைவிட வேகம், முதல் வருடம் அவன் இருநூறு மீட்டர் முன்னால் போய் நின்று காத்திருப்பான், நான் போய்ச் சேர்ந்ததும் அவன் புறப்பட்டுவிடுவான், எனக்கு ஓய்வே கிடைக்காது. இப்போது நான் முன்னால், அவன் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

இன்னொன்றையும் கரையிலேயே பேசிவிடுகிறோம். திரும்பலாம் என்று யார் சொன்னாலும் உடனே திரும்ப வேண்டும், ஏன் என்று கரைக்கு வந்த பிறகுதான் கேட்கலாம். ஒரு முறை தீவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவன் திரும்பலாம் என்றான். வானம் தெளிவாக இருந்தது, எனக்கு ஏமாற்றம், ஆனாலும் திருப்பினேன். கரையில் சொன்னான், காலையிலிருந்து வலது தோளில் ஒரு இழுப்பு, அது கூடிக்கொண்டே வந்தது என்று.

போகும்போதும் வரும்போதும் ஓதமே தள்ளுற மாதிரி ஒரு நாள் அமையுமா?

அமையும், அப்படிப்பட்ட நாளாகப் பார்த்துத்தான் நாங்கள் போகிறோம். கோல்ட் ஸ்பிரிங்கிலிருந்து தீவு வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர். கோல்ட் ஸ்பிரிங்கில் மட்டம் காலை 9 மணிக்கு உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் பத்தரை வாக்கில் நிற்கும். எட்டரைக்குப் புறப்பட்டால் ஏற்றத்தின் கடைசிப் பகுதி தள்ளிவிடும், பத்து மணிக்குத் தீவு. அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் புளியோதரையை முடித்தால், தண்ணீர் நிற்கும். நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம், மிதந்து போய்க்கொண்டிருந்த ஒரு மரத்துண்டு தயங்கி நின்று, மெல்லத் திரும்பும். அதோடு நாமும் திரும்பினால் பன்னிரண்டு மணிக்குள் கரை, தெற்குக் காற்று எழுவதற்கு முன்பே. மட்டம் உச்சியைத் தொடுவது மதியம் ஒரு மணிக்கு என்றால் திரும்பும்போது வற்றமும் மதியக் காற்றும் மோதும், அந்த நாளில் சதுப்புப் பக்கம் போவோம்.

வீட்ல என்ன சொல்லிட்டுப் போவீங்க?

சொல்வதில்லை, எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன், நண்பன் வீட்டிலும் அதே சீட்டு. மலை இடுக்கில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் நண்பன் ஜாக்கெட்டில் ஒரு கையடக்க ரேடியோவும் உண்டு, சேனல் 16-இல் கூப்பிட்டால் கடலோரக் காவல் படை கேட்கும். சீட்டில் போன முறை இப்படி எழுதியிருந்தேன்: "இரண்டு பேர், இரண்டு கயாக், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. கோல்ட் ஸ்பிரிங் ஃபவுண்ட்ரி டாக்கில் 8:30-க்கு இறங்குகிறோம். வடக்கே தீவு வரை போய்த் திரும்புகிறோம். 10:30-க்கு ஓட்டம் திரும்பும். 12:30-க்குள் கரை. 2 மணிக்குள் போன் வராவிட்டால் எங்கள் இருவர் போனுக்கும் அடி. 3 மணிக்கு 911-ஐக் கூப்பிட்டு இந்தச் சீட்டைப் படி."

12:10-க்குப் போன் செய்தேன். குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே, "சரி, வரும்போது தயிர் வாங்கிட்டு வா" என்றாள் மனைவி.